812 யூனிட் 552 ஆன கதை: மதுரையில் ஒரு வீட்டின் கரண்ட் பில் ஆய்வு

2024 ஏப்ரல், மே இரண்டு மாதத்துக்கும் சேர்த்து மதுரையில் என் அக்கா வீட்டுக்கு ஓடிய மின்சாரம் 812 யூனிட், கட்டிய பணம் 4,670 ரூபாய். 2025-இல் அதே இரண்டு மாதத்துக்கு 552 யூனிட், 2,477 ரூபாய். நடுவில் 2024 ஜூலையில் கட்டணம் உயர்ந்துவிட்டதால் இரண்டையும் அப்படியே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது சரியில்லை. பழைய 812 யூனிட்டைப் புதிய விலையில் போட்டால் 4,896 ரூபாய் வரும், இனி அந்தத் தொகையைத்தான் எடுத்துக்கொள்கிறேன். யூனிட் 32 சதவீதம் குறைந்தது, பணம் 49 சதவீதம் குறைந்தது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்த இரண்டு சதவீதத்துக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசத்தைப் பற்றித்தான். தமிழ்நாட்டில் மின்சாரத்தைக் குறைக்கிற எல்லாருக்கும் ஒரே அளவு பணம் மிச்சமாவதில்லை. நீங்கள் கட்டண அடுக்கில், அதாவது யூனிட் கூடக்கூட விலையும் ஏறுகிற படிகளில், எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்து ஒரே ஒரு யூனிட் மிச்சம் 2 ரூபாய் 35 காசும் ஆகலாம், 243 ரூபாயும் ஆகலாம். அதைப் பார்க்காமல் "லைட்டை அணை, ஃபேனை அணை" என்று வீட்டில் சத்தம் போடுவதால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

முதலில் வீடு. சொந்த வீடு, தரைத்தளம் மட்டும், மேலே மொட்டை மாடி. அக்கா, மாமா (அக்காவின் கணவர்), பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், மாமாவின் அம்மா, நான் அத்தை என்று கூப்பிடுவேன், வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு படுக்கையறையில் ஒன்றரை டன் ஏசி, பத்து வருடத்துக்கு மேல் பழையது, இன்வெர்ட்டர் வகை (தேவைக்கு ஏற்ப கம்ப்ரெசரின் வேகம் கூடிக் குறையும் வகை) இல்லை. வெயில் காலத்தில் பிள்ளைகளும் அத்தையும் எல்லாரும் அந்த ஒரே அறையில்தான் படுப்பார்கள். இரண்டு கதவு ஃபிரிட்ஜ், ஐந்து சீலிங் ஃபேன், போர் மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், டிவி, கரண்ட் போனால் ஃபேன் ஓட ஒரு யுபிஎஸ். நம் ஊரில் நடுத்தரக் குடும்பம் என்றால் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அதனால்தான் இந்த வீட்டை எழுத எடுத்தேன்.

அடுக்கு எப்படி வேலை செய்கிறது

வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங். முதல் 100 யூனிட் 2016-இலிருந்து எல்லாருக்கும் இலவசம். யூனிட் எவ்வளவு ஓடினாலும் தனியாகக் கட்ட வேண்டியிருந்த நிலைக்கட்டணத்தை 2022 செப்டம்பரில் எடுத்துவிட்டார்கள், அதனால் பில் முழுக்க யூனிட்டைப் பொறுத்தே ஏறும், இறங்கும். 2024 ஜூலைக்குப் பிறகு, 2025-இல் நாம் கையிலிருந்து கட்டிய விலை இப்படி: மொத்தம் 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இரண்டு மாதத்துக்குச் சரியாக 500 யூனிட் ஓடினால் பில் 1,805 ரூபாய். 500-ஐத் தாண்டினால் அடுத்த நூறுக்கு 8.40, 601 முதல் 800 வரை 9.45, 801 முதல் 1000 வரை 10.50, அதற்கும் மேலே 11.55.

இதில் பலர் கவனிக்காத ஒரு வரி உண்டு. 500-ஐத் தாண்டிய வீட்டுக்கு 2.35 ரூபாய் என்ற சலுகை விலையே கிடையாது. 101-லிருந்து 400 வரை முழுக்க 4.70 ஆகிவிடும். அதாவது 501-ஆவது யூனிட் ஓடியதுமே முன்னால் ஓடிய நூறு யூனிட்டின் விலை இரட்டிப்பாகி 235 ரூபாய் தலையில் விழும், கூடவே அந்த ஒரு யூனிட்டின் 8.40. 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2,048 ரூபாய் 40 காசு. படிக்கட்டில் ஒரு படி மட்டும் மூன்று படி உயரத்துக்குக் கட்டியதுபோல இந்த 501.

அக்கா வீட்டில் எல்லாரும் போட்ட கணக்கு வேறு. 4,896-ஐ 812-ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு ஆறு ரூபாய் சொச்சம். "ஆறு ரூபாய்தானே, ஒரு மணி நேரம் ஏசி ஓடினா என்ன பெருசா ஆயிரப்போகுது" என்று மாமா கேட்டார். ஆனால் குறைக்கும்போது நாம் வெட்டுவது சராசரி யூனிட்டை இல்லை. மேலே இருக்கிற, விலை கூடின யூனிட்டைத்தான் முதலில் வெட்டுகிறோம். 812-இல் நிற்கிற வீட்டுக்கு முதல் 12 யூனிட் தலா பத்தரை ரூபாய், அதற்கடுத்த இருநூறு தலா 9.45. கடைசியில் நாங்கள் குறைத்த 260 யூனிட்டுக்கு மிச்சமான பணம் 2,419 ரூபாய், யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் முப்பது காசு. இதே 260 யூனிட்டை ஏற்கெனவே 400-க்குள் இருக்கும் ஒரு வீடு குறைத்திருந்தால் இதில் பாதிகூட மிச்சமாகியிருக்காது.

எது எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தது

இதற்குத் தனியாக எந்தக் கருவியும் வாங்கவில்லை. மின்வாரியத்தின் மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு மினுங்கிக்கொண்டே இருக்கும், பார்த்திருப்பீர்கள். மீட்டரின் முகத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை துடிப்பு என்று அச்சிட்டிருக்கும், அக்கா வீட்டு மீட்டரில் 3200. அப்படியானால் பத்து முறை மினுங்க எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து, 11,250-ஐ அந்த விநாடியால் வகுத்தால் அந்த நேரத்தில் வீடு இழுக்கும் வாட் வந்துவிடும். உங்கள் மீட்டரில் 1600 என்று இருந்தால் 22,500-ஐ வகுக்க வேண்டும், அவ்வளவுதான். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பழைய ஃபேனை முழு வேகத்தில் போட்டால் பத்து மினுங்கலுக்கு இரண்டரை நிமிடம், அதாவது 75 வாட்.

ஏசிக்கும் ஃபிரிட்ஜுக்கும் இந்த முறை சரிப்படாது, கம்ப்ரெசர் ஓடும், நிற்கும், திரும்ப ஓடும். அதற்கு ராத்திரி படுக்கும்போது ஒரு ரீடிங், காலையில் எழுந்ததும் ஒரு ரீடிங். ஏசி போட்ட இரவுக்கும் போடாத இரவுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் ஆறு யூனிட். 20 டிகிரியில் வைத்துவிட்டு, குளிர் தாங்காமல் போர்வை போர்த்திக்கொண்டு படுத்த இரவுகள் அவை.

இப்படிப் பார்த்ததில் 812 ஏறக்குறைய இப்படிப் பிரிந்தது. ஏசி 290, ஃபேன்கள் 225, ஃபிரிட்ஜ் 105. டிவி, செட்டாப் பாக்ஸ், வைஃபை எல்லாம் சேர்ந்து 40, மோட்டார் 40, மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின், அயர்ன் பாக்ஸ் 35, விளக்குகள் 30. இவ்வளவும் சேர்த்தாலும் நாற்பத்துச் சொச்சம் யூனிட் உதைத்தது. வீட்டில் ஒவ்வொன்றாக பிளக்கைப் பிடுங்கி, ஃபிரிட்ஜையும் நிறுத்தி, செட்டாப் பாக்ஸ், வைஃபை எல்லாவற்றையும் அணைத்த பிறகும் மீட்டர் விளக்கு ஆறு நிமிடத்துக்குப் பத்து தரம் மினுங்கிக்கொண்டே இருந்தது. 31 வாட். அது யுபிஎஸ். பேட்டரி பழசாகிவிட்டதால் சார்ஜ் முழுதாக ஏறி நிற்பதே இல்லை, இரவும் பகலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு 46 யூனிட். கரண்ட் போகும்போது மட்டும் நினைவுக்கு வரும் பெட்டி, வீட்டின் எல்லா விளக்குகளையும் விடக் கூடுதலாகச் செலவழித்துக்கொண்டிருந்தது.

இன்னொன்றும் தெரிந்தது. செல்போன் சார்ஜரைப் பிளக்கிலேயே விட்டால் கரண்ட் பில் ஏறும் என்று அத்தை எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார். போன் மாட்டாத சார்ஜர் இழுப்பது மிக மிகக் குறைவு, இரண்டு மாதம் தொடர்ந்து இருந்தாலும் அரை யூனிட்டுக்குப் பக்கத்தில்தான் வரும். பிள்ளைகள் இதற்காகத் திட்டு வாங்கியது நியாயமே இல்லை, அதை அத்தையிடம் சொல்லியும்விட்டேன்.

மாற்றியவை

ஃபேன்தான் முதலில். ஏசி நம் கண்ணை உறுத்துவதால் எல்லாரும் அதையே குறை சொல்வோம், ஆனால் ஏசி ஓடுவது இரவில் சில மணி நேரம், வருடத்தில் சில மாதம். மதுரையில் ஃபேன் நிற்பதே மார்கழி அதிகாலையில்தான். பழைய ஃபேன் 75 வாட், இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் சுற்றும் புது வகை மோட்டார் உள்ளது) முழு வேகத்தில் 30 வாட் வாக்கில், காற்றில் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்தையும் மாற்றவில்லை. அதிக நேரம் ஓடுகிற நான்கை மட்டும் 2024 ஆகஸ்டில் மாற்றினோம், ஒன்று சுமார் மூன்றாயிரம், மொத்தம் பன்னிரண்டாயிரம் ரூபாய். எப்போதாவது விருந்தாளி வந்தால் ஓடும் ஐந்தாவது ஃபேனை மாற்றுவதில் பணம் திரும்ப வராது.

இந்த நான்கும் சேர்ந்து ஒரு நாளைக்கு ஓடுவது கிட்டத்தட்ட 44 மணி நேரம். ஒவ்வொரு மணிக்கும் 45 வாட் மிச்சம் என்றால் நாளைக்கு இரண்டு யூனிட், இரண்டு மாதத்துக்கு 120. வெயில் கால பில்லில் இது மட்டுமே 1,150 ரூபாய்க்குப் பக்கம். மற்ற பில்களில் ஃபேன் குறைவாக ஓடும், விலையும் கீழ் அடுக்கு, அப்படியும் 800 ரூபாய்க்கு மேல் வருகிறது. பன்னிரண்டாயிரமும் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே திரும்பிவிடும். ஆனால் இந்தக் கணக்கு 500-க்கு மேலே அல்லது 500-ஐ ஒட்டி இருக்கும் வீட்டுக்கானது. 300 யூனிட் ஓடும் வீட்டில் இதே ஃபேனுக்குப் போட்ட பணம் திரும்ப இதைவிட நிறையக் காலம் ஆகலாம், அங்கே பழைய ஃபேன் கெட்டுப்போகும்போது மாற்றினால் போதும்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபேனை மின்னணு ரெகுலேட்டரில் குறைந்த வேகத்தில் ஓட்டுகிறவர்களுக்கு அது 75 வாட் இழுக்காது, குறைவாகவே இழுக்கும், மிச்சமும் அந்த அளவுக்குக் குறையும். அப்புறம், புது ஃபேனுக்குப் பழைய ரெகுலேட்டர் ஆகாது, எலக்ட்ரீஷியனை வைத்து அதைக் கழற்றிவிட வேண்டும். வேகம் மாற்ற ரிமோட். அத்தைக்கு ரிமோட் பிடிக்கவில்லை, இருட்டில் தேட முடியவில்லை. சுவர் ஸ்விட்சை அணைத்து அணைத்துப் போட்டே வேகம் மாற்றுகிற வகை ஒன்று கிடைத்தது, அவர் அறையில் அதை மாட்டினோம். வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதைக் கேட்டு வாங்குங்கள்.

அடுத்து ஏசி. புது இன்வெர்ட்டர் ஏசி வாங்கலாமா என்று மாமா கேட்டார், வேண்டாம் என்றேன். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் ஓடுகிற ஒன்றுக்கு முப்பத்தைந்தாயிரம், நாற்பதாயிரம் போடுவதற்கு முன்னால் இருப்பதையே சரியாக ஓட்டிப் பார்க்கலாம். சர்வீஸ் செய்து ஃபில்டரைக் கழுவினோம், ஜன்னல் இடுக்கை அடைத்தோம், 20-ஐ 26 ஆக்கி மேலே ஃபேனை ஓடவிட்டோம். ஒரு டிகிரி கூட்டினால் ஏசியின் மின்சாரத்தில் சுமார் 6 சதவீதம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 ஜனவரியிலிருந்து நட்சத்திரக் குறியீட்டோடு விற்கும் ஏசிகள் எல்லாம் போட்டதும் 24 டிகிரியில் ஓடும்படி வர வேண்டும் என்று விதியும் உண்டு. எங்கள் மீட்டரில் ஒரு இரவுக்கு ஆறு யூனிட் நாலே கால் ஆனது, அந்த 6 சதவீதக் கணக்கோடு இது ஒத்துப்போகிறது.

முதல் இரண்டு நாள் அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "இருபத்தாறுல வச்சா ஏசி எதுக்குப்பா, புழுங்குது" என்றார். முதல் அரை மணி 24-இல் ஓடவிட்டு, அறை குளிர்ந்த பிறகு 26 ஆக்கினோம், அதற்குப் பிறகு புகார் வரவில்லை. ஏசியை அணைத்துவிடுங்கள் என்று மட்டும் நான் ஒருபோதும் சொல்லவில்லை. மதுரை வெயிலில் எழுபது வயதுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் இரவில் தூக்கம் என்பது உடம்புக்கான தேவை, அதில் கைவைத்து மிச்சப்படுத்துகிற பணம் எனக்குப் பணமாகவே தெரியவில்லை.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். ஃபிரிட்ஜ் கதவின் ரப்பர் கேஸ்கட் தளர்ந்திருந்தது, ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுத்தால் சுலபமாக வந்துவிட்டது. கேஸ்கட்டை மாற்றி, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்ததில் இரண்டு மாதத்துக்கு 18 யூனிட் குறைந்தது. டிவியும் செட்டாப் பாக்ஸும் ராத்திரி ஸ்விட்சில் அணைகிறது, 12 யூனிட். தொட்டி நிரம்பி வழிந்த பிறகு மோட்டாரை நிறுத்தும் பழக்கம் இருந்தது, மிதவை ஸ்விட்ச் மாட்டியதில் பத்து யூனிட்டுக்குக் கிட்டே. மின்சாரத்தைவிடத் தண்ணீர் மிச்சம் இதில் பெரியது.

இதெல்லாவற்றையும்விட உபயோகமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை ரீடிங். 500-ஐ அறுபது நாளால் வகுத்தால் நாளைக்கு 8.3 யூனிட், வாரத்துக்கு 58. மூத்த பையன் ஒவ்வொரு ஞாயிறும் மீட்டரைப் பார்த்துக் காலண்டரில் எழுதுகிறான். பில் வந்த பிறகு தெரிந்து என்ன செய்ய? ஐந்தாவது வாரத்திலேயே 320-ஐத் தாண்டியிருக்கிறது என்று தெரிந்தால் மிச்ச வாரங்களில் ஏதாவது செய்ய இடமிருக்கும்.

வந்த பலனும் வெயிலின் பங்கும்

வெயில் இல்லாத காலத்தில்தான் மாற்றம் சுத்தமாகத் தெரிந்தது. 2023 அக்டோபர், நவம்பரில் 520 யூனிட். 2024-இல் அதே மாதங்களில் 415. 2024 ஜூலை விலையில் 2,208 ரூபாய் 1,269 ரூபாய் 50 காசாக இறங்கியது. குறைந்த யூனிட் 20 சதவீதம், பணம் 42.5 சதவீதம். காரணம் 500 என்ற கோடு. 520-இல் நின்ற வீடு அந்த இருபது யூனிட்டுக்காக மட்டும் 403 ரூபாய் கொடுத்துக்கொண்டிருந்தது.

வெயில் கால எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். 2024 ஏப்ரல், மே கொடூரமான வெயில், தமிழ்நாட்டில் பல ஊர்களில் வெப்ப அலை. 2025-இல் அப்படி இல்லை, தென்மேற்குப் பருவமழை கேரளத்தில் மே 24-ஆம் தேதியே தொடங்கிவிட்டது, மதுரையிலும் கடைசி நாட்களில் ஏசி போடாத இரவுகள் இருந்தன. அதனால் ஏசியில் குறைந்த சுமார் 100 யூனிட்டில் ஒரு பங்கு மழைக்குச் சேர வேண்டியது. ஃபேனில் வந்த 120 அப்படியில்லை, வெயில் கூடினாலும் அது குறையாது. இரண்டு பில்லைப் பக்கத்தில் வைத்து "பாதியாகக் குறைத்துவிட்டோம்" என்று சொல்கிற யாரும் அந்த வருட வெயிலையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

நேரத்துக்கு ஒரு விலை வந்தால்

ஸ்மார்ட் கட்டணம் என்று வெளிநாட்டில் பேசுவது வேறு மாதிரி. பிரிட்டனில் ஆக்டோபஸ் நிறுவனத்தின் அஜைல் திட்டத்தில் அரை மணிக்கு அரை மணி விலை மாறும். மின்கார் வைத்திருப்பவர் நள்ளிரவுக்குப் பிறகு சார்ஜ் போட்டு நல்ல பணம் மிச்சப்படுத்தலாம். இந்தியாவிலும் 2023 ஜூனில் மத்திய அரசு நுகர்வோர் உரிமை விதிகளைத் திருத்தியது: ஸ்மார்ட் மீட்டர் பொருத்திய வீடுகளுக்குச் சூரிய ஒளி நேரத்தில் குறைந்தது 20 சதவீதம் விலை குறைவு, உச்ச நேரத்தில் குறைந்தது 10 சதவீதம் கூடுதல். கேரளத்தில் மாதம் 250 யூனிட்டுக்கு மேல் போகும் வீடுகளுக்குப் பகலில் 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல் என்று இருக்கிறது.

அக்கா வீட்டுக்கு இது வந்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். பகலுக்கு மாற்றக்கூடியவை மோட்டார், வாஷிங் மெஷின், கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், எல்லாம் சேர்த்து நாளைக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று மேலே. அதில் 20 சதவீதம் தள்ளுபடி என்றால் இரண்டு மாதத்துக்கு நூறு ரூபாய் வாக்கில். பெரிய செலவான ஏசி ஓடுவது இரவு பத்தரைக்கு மேல், ஃபேன் நாள் முழுக்க, ஃபிரிட்ஜ் எப்போதும். இவற்றை நகர்த்த முடியாது. மின்காரோ பேட்டரியோ இல்லாத நம் வீடுகளில் நேரத்தை மாற்றுவதால் வருவது சொற்பம், அடுக்கைப் பார்த்துக் குறைப்பதால் வருவது ஆயிரக்கணக்கில். அந்த வகையில் நம் அடுக்குக் கட்டணமே ஒரு ஸ்மார்ட் கட்டணம்தான், அதைத் தெரிந்து பயன்படுத்துகிறவர்கள் குறைவு.

மாதாமாதம் ரீடிங் எடுத்தால் பில் குறையும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 2021 சட்டமன்றத் தேர்தலில் திமுக இதை வாக்குறுதியாகவே கொடுத்தது. அடுக்குகளைப் பாதியாக்காமல் அப்படியே மாதத்துக்கு வைத்தால் குறையும், சந்தேகமில்லை. ஆனால் 500 என்பதை 250 ஆக்கி, மற்றவற்றையும் இப்படியே பாதியாக்கி மாதாமாதம் போட்டால் ஏற்ற இறக்கம் உள்ள வீட்டுக்குப் பெரும்பாலும் கூடத்தான் செய்யும். ஒரு மாதம் 350, அடுத்த மாதம் 150 ஓடுகிற வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் 500, பில் 1,805. மாதாமாதம் பாதி அடுக்கில் போட்டால் இரண்டு பில்லும் சேர்ந்து 2,265. எந்த முறையில் மாதாமாதம் என்று கேட்காமல் அந்தக் கோரிக்கையை வைப்பது ஆபத்து.

சோலார், அப்புறம் மிச்சமிருக்கும் 52 யூனிட்

பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 மானியம். தமிழ்நாட்டில் 1 கிலோவாட் நாளைக்கு ஏறக்குறைய 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. அக்கா வீடு 812-இல் நின்றபோது போட்டிருந்தால் வெயில் கால பில்லில் 2,251 ரூபாய் குறைந்திருக்கும். 552-க்கு வந்த பிறகு போட்டால் அதே தகடு 1,715 ரூபாய்தான் குறைக்கும், ஏனென்றால் விலை கூடின யூனிட்டுகளை ஏற்கெனவே வெட்டியாயிற்று. அதனால் சோலார் விற்பவர் பழைய பில்லைக் கேட்டால், ஃபேன் மாற்றிய பிறகு வந்த பில்லைக் கொடுத்துக் கணக்குப் போடச் சொல்லுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் விழுவதால் மாமா இன்னும் முடிவெடுக்கவில்லை.

அதற்கு முன்னால் 552-ஐ 500-க்குக் கீழே கொண்டுவர முடியுமா என்பதுதான் கேள்வி. இந்த 52 யூனிட்டின் விலை 672 ரூபாய், யூனிட்டுக்குப் பன்னிரண்டே முக்கால் ரூபாய்க்கு மேல். அந்த வீட்டில் ஓடுகிற மின்சாரத்திலேயே மிக விலையுயர்ந்தது இதுதான், நாளைக்கு ஒரு யூனிட்கூட இல்லை. யுபிஎஸ் பேட்டரியை மாற்றினால் முப்பது யூனிட் போகும். பில்லுக்காக மட்டும் பேட்டரி மாற்றுவது கட்டுப்படியாகாது, ஆனால் அது இப்போதே அரை மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அத்தை அறை ஃபேன் அதில்தான் ஓடுகிறது. மீதி 22 யூனிட் ஃபிரிட்ஜிலிருந்து வர வேண்டும், அல்லது மழை பெய்து குளிர்ந்த ஐந்தாறு இரவுகளில் ஏசி போடாமல் இருந்தால் அதிலிருந்து. பேட்டரியை வெயிலுக்கு முன்னால் மாற்றுவதாக மாமா ஒத்துக்கொண்டார். ஏசி போடும் இரவு எது என்பதை மட்டும் அத்தைதான் சொல்வார், ஞாயிற்றுக்கிழமை காலண்டரில் என்ன எண் இருந்தாலும் சரி.